கண்டித் திரினிற்றிக் கல்லூரியும் தாய்மொழிக் கல்வியும்

இலங்கையிலே மிஷனரிமார் நிறுவிய ஆங்கிலக் கல்லூரிகளைப் பற்றி எழுதப் புகுவோர், அவை சுதேச மொழிகளைப் புறந்தள்ளவே எழுந்தன என்று ஒரு சொல்லில் முடித்துவிடுதல் வழக்கம். பெரும்பாலும் அது மெய்யே. ஆயினும், கண்டி மாநகரிலுள்ள திரினிற்றிக் கல்லூரியின் வரலாற்றில் அம்முடிபுக்கு அடங்காத பகுதி ஒன்று உண்டு. அதனையே ஈண்டு நோக்குவோம்.

1857ஆம் ஆண்டிலே சேர்ச் மிஷன் சங்கத்தார் கண்டியில் ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினர். மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலம் அது. கந்தோர்களுக்கு ஆங்கிலம் கற்றோர் வேண்டியிருந்தனர். இடையிலே மூடப்பட்ட அப்பாடசாலை 1872இல் மீளத் திறக்கப்பெற்று, 1876இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது திரினிற்றிக் கல்லூரி எனப் பெயர் பூண்டது.

1904இல் அதிபராக வந்தவர் வண. ஏ. ஜி. பிரேசர். உகண்டாவிற் பணிபுரிந்து வந்த ஸ்கொத்லாந்தியர். தாய்மொழியைச் செவ்வனே அறியாதவனுக்கு உண்மையான பண்பாடோ சிந்தனை வன்மையோ வாய்க்காது என்றும், தன் மக்களின் மொழியையும் எண்ணத்தையும் அறியாது அவர்களினின்றும் பிரிந்து நிற்பவன் கற்ற குடிமகனுக்குரிய கடமையை ஆற்றமாட்டான் என்றும் அவர் வாதித்தார். வாதித்ததோடமையாது, சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்தில் இடம்பெறச் செய்தார். இலத்தீன் அறிந்தவனையே கற்றவன் என மதித்த அந்நாளில் இது சிறு செயலன்று.

யாழ்ப்பாணத்தார்க்கு இவ்விடத்தில் வட்டுக்கோட்டைச் செமினரி நினைவுக்கு வருதல் இயல்பு. 1823இல் தோன்றிய அக்கலாசாலை 1855இல் மூடப்பட்டது. அமெரிக்காவினின்று வந்த வண. ரூபஸ் அண்டர்சன், மிஷன் கல்வி தாய்மொழியிலேயே அமைதல் வேண்டுமெனக் கருதியமை அதற்கு ஒரு காரணம். ஆனால் அண்டர்சன் சமயப் பரப்பலை மனத்திற் கொண்டு ஆங்கிலத்தை ஒதுக்க விரும்பினார். பிரேசரோ ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே, அதன் பக்கத்தில் நம் மொழிகளுக்கும் ஆசனமிட்டார். மக்கள் விரும்பியதும் ஆங்கிலத்தையே என்பதனை, யாழ்ப்பாணக் கல்லூரி அதே 1872இல் எழுந்தமை காட்டும்.

பிரேசரின் கருத்து கல்லூரியின் வளவிலே கல்லாகவும் நிற்கின்றது. 1923இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1935இல் பிரதிட்டை செய்யப்பெற்ற ஆலயம், வண. எல். ஜே. காஸ்ரர் வகுத்த அமைப்பினது. கூரிய கோபுரமும் வண்ணக் கண்ணாடிச் சாளரமும் அங்கில்லை. கண்டிய முறையிற் செதுக்கிய 54 கற்றூண்கள் கூரையைத் தாங்க, பக்கங்கள் திறந்து கிடக்கின்றன. அவற்றைக் காண்பார்க்கு, நாயக்க மரபினனாகிய இராசாதிராச சிங்கன் 1783இல் தொடங்கிய அரச மண்டபத்தின் மரத்தூண்கள் நினைவில் எழும். டேவிட் பெயின்ரர் சுவரிலே தீட்டிய விவிலியக் காட்சிகளின் மாந்தர் இந்நாட்டு மக்களின் முகச்சாயலினர். பிறமதத்தவராகிய நாமும் நின்று பார்க்கத் தக்கவை அவை.

விளையாட்டைப் பற்றியும் ஒரு சொல். இக்கல்லூரியின் பழைய மாணவராகிய எல். ஈ. பிளேஸ் 1891இல் நிறுவிய பாடசாலையே பின்னாளிற் கிங்ஸ்வூட் கல்லூரியாயிற்று. 1906இல் இவ்விரு கல்லூரிகளும் ஆடியதே இலங்கைப் பாடசாலைகளுக்கிடையே நிகழ்ந்த முதல் றகர் ஆட்டம். வெற்றி தோல்வியின்றி முடிந்தது. குன்றை வெட்டிச் சமன்செய்த அஸ்கிரிய மைதானத்தில் 1983இல் சருவதேச ரெஸ்ற் கிரிக்கற் ஆட்டமும் நடைபெற்றது.

எனினும், பிரேசரின் சீர்திருத்தத்தை அளவுக்கு மிஞ்சிப் புகழ்தல் தகாது. தமிழ் ஒரு பாடமாயிற்றேயன்றிப் போதனா மொழியாகவில்லை. அது அரசாங்கத்தின் கட்டளையால் மிகப் பின்னரே வந்தது. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே தமிழே பேசிய பிள்ளைகளுக்கு, 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னரும், ஓராசிரியர் பாடசாலையே பெரும்பாலும் கிடைத்தது. தாய்மொழியை அறியாத கனவானுக்கு அதனைக் கற்பிக்க ஒரு கல்லூரி முயன்றது. தாய்மொழியன்றி வேறெதுவும் அறியாத தொழிலாளியின் பிள்ளைக்கு அதன் வாயில் எட்டவில்லை.

1924இல் பிரேசர் கண்டியை நீங்கி, மேற்கு ஆபிரிக்காவில் அச்சிமோற்றாக் கல்லூரியின் முதல் அதிபரானார். 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, கிங்ஸ்வூட் அரசின் கையிற் சென்றது. திரினிற்றி தனியார் கல்லூரியாகவே நின்றது. இன்று அங்கே சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் வகுப்புகள் நடைபெறுகின்றன. கட்டணம் செலுத்திப் பயிலும் கல்லூரியாதலின், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை அத்தமிழ் வகுப்பினை அடைதல் இன்றும் எளிதன்று.