கப்பலின் விலாவில் ஒரு கோடு

துறைமுகத்துக்குக் கப்பல் பார்க்கப் போகிறவர்கள் புகைபோக்கியையும் கொடியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதன் விலாப்புறத்தில் ஒரு வட்டமும், வட்டத்தை ஊடுருவும் ஒரு கோடும், பக்கத்தில் ஏணிப்படி மாதிரிச் சில சின்னக் கோடுகளும் இருக்கும். இந்தக் கோட்டுக்காக ஒரு மனிதர் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் முஷ்டியை ஆட்டி ரகளையே செய்திருக்கிறார்.

அவர் பெயர் சாமுவேல் பிளிம்சால். நிலக்கரி வியாபாரி; டெர்பி தொகுதியின் அங்கத்தினர். அந்தக் காலத்தில், உளுத்துப்போன கப்பலில் தாங்க முடியாத பாரத்தை ஏற்றி, கொழுத்த தொகைக்கு இன்ஷூரன்ஸ் செய்து அனுப்புகிற முதலாளிகள் இருந்தார்கள். கரை சேர்ந்தால் சரக்குக் கூலி. முழுகினால் இன்ஷூரன்ஸ் பணம். மாலுமியின் கதி? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் கப்பலேற மறுத்தால் ஜெயில்! 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே அவற்றுக்குப் பெயர்.

பிளிம்சால் 1873-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1875 ஜூலை 22-ந் தேதி, டிஸ்ரேலி கப்பல் மசோதாவைக் கைவிடுவதாக அறிவித்தார். பிளிம்சால் பொறுமை இழந்து, மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புகிறவர்களைப் பாதகர்கள் என்று சபையிலேயே கூச்சலிட்டார். அப்புறம் மன்னிப்புக் கேட்டது வேறு விஷயம். 1876-ல் சட்டம் வந்தது, கோடு கட்டாயமாயிற்று. ஆனால் அதை எங்கே போடுவது என்பதைக் கப்பல் முதலாளியிடமே விட்டுவிட்டார்கள். பாலுக்குப் பூனை காவல்! 1890-ம் வருஷச் சட்டந்தான் அதையும் சரிசெய்தது.

சரி, ஒரு கோடு போதாதா? போதாது. ஒரு கன மீட்டர் ஆற்று ஜலம் 1,000 கிலோ. கடல் ஜலமோ சுமார் 1,025 கிலோ. மிதக்கும் கப்பல் தன் எடைக்குச் சமமான ஜலத்தை விலக்கியாக வேண்டும். ஆற்று ஜலம் லேசு. ஆகவே அதிகமாக விலக்க வேண்டும், அதாவது இன்னும் கீழே இறங்க வேண்டும். கடலில் 8 மீட்டர் முழுகுகிற கப்பல், ஆற்றுக்குள் வந்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும். ஒரு மூட்டைகூட ஏற்றாமலே! ஆற்றுத் துறையில் சரக்கேற்றும் காப்டன், மேலேயுள்ள நன்னீர்க் கோடுவரை துணிந்து ஏற்றலாம். கடலுக்குப் போனதும் கப்பல் தானே எழும்பிவிடும்.

வெப்பமண்டலத்துக்கும் குளிர்காலத்துக்கும் தனிக் கோடுகள் உண்டு. அங்கே கணக்கு ஜலத்தின் கனத்தைவிட அலையின் மூர்க்கத்தைப் பற்றியது. குளிர்கால வட அட்லாண்டிக் கோடுதான் எல்லாவற்றுக்கும் கீழே.

இங்கிலாந்தில் ரப்பர் அடி வைத்த கான்வாஸ் பூட்ஸுக்கும் 'பிளிம்சால்' என்றுதான் பெயர். ரப்பர் பட்டைக்கு மேலே ஜலம் ஏறினால் கால் நனைந்துவிடுமாம்.