மை தொடாத சூரியன்

1805ஆம் ஆண்டு வைமர் நகரில் நடந்த ஓவியப் போட்டிக்குக் குறிக்கப்பட்ட பொருள் ஹெர்குலிஸின் வீரச்செயல்கள். மகாகவி கதேயும் அவருடைய கலை நண்பர்களும் 1799 முதல் நடத்திவந்த போட்டி அது. கிரேக்கத் தொன்மையே கலைக்கு இலக்கணம் என்று ஜெர்மானிய இளைஞர்க்கு உணர்த்துவதே அதன் நோக்கம். அவ்வாண்டு டிரெஸ்டனிலிருந்து வந்த இரு மைச்சித்திரங்களிலோ ஹெர்குலிஸும் இல்லை, கிரேக்கமும் இல்லை. ஒன்று பட்ட ஓக் மரம் நிற்கும் கோடை நிலக்காட்சி. மற்றொன்று, மரங்களிடையே நிற்கும் சிலுவையை நோக்கிச் செல்லும் ஒரு பவனி.

வரைந்தவர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக். 1774இல் பால்டிக் கடலோரக் கிரைஃப்ஸ்வால்டில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்கரின் பவனி அவர் சபைக்குரிய வழக்கமன்று. எனினும், சடங்கின் பகட்டை அவர் வரையவில்லை. மாந்தர் சிறிதாகின்றனர், மரங்களே கோயில் வளைவாகின்றன, சிலுவைக்குப் பின்னே கதிரவன். அது உதயம் என்பாரும் உண்டு, அஸ்தமனம் என்பாரும் உண்டு. சித்திரத்தின் பெயரே இருவகையாக வழங்குகிறது.

40 செ.மீ. உயரமும் 62 செ.மீ. அகலமும் கொண்ட இத்தாளில் வண்ணம் கிடையாது. கணவாயின் மைப்பையிலிருந்து எடுக்கும் செப்பியா எனும் பழுப்பு மை ஒன்றே. டிரெஸ்டனில் சைடெல்மான் என்பவர் வளர்த்தெடுத்த முறை இது. மையை நீரில் கரைத்து, மெல்லிய பூச்சொன்று உலர்ந்தபின் அதன்மேல் இன்னொன்றாக இருளை ஏற்ற வேண்டும். ஒளியைத் தீட்ட வழியில்லை. தாளைத் தொடாது விட்டால் அதுவே ஒளி. கை தவறி இருண்ட இடம் பழைய வெண்மைக்கு மீள்வது அரிது. ஆகவே முதற்பூச்சுக்கு முன்பே, எதைத் தொடக்கூடாது என்று ஓவியன் முடிவு செய்திருக்க வேண்டும். சொல்லாமல் விடுவதன் அருமையை அறிந்த கவிஞர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுமோ?

போட்டியின் பொருளை மீறிய அவ்விரு சித்திரங்களுக்கும் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதி கொலோன் நகர ஓவியர் ஹோஃப்மானுக்கு. தாம் வகுத்த விதியைத் தாமே தளர்த்தியது கதேயின் பெருந்தன்மை எனலாம். அத்துடன் போட்டியும் நின்றது.

அந்த இசைவு நீடிக்கவில்லை. மலைமுகட்டுச் சிலுவையைப் பிரீட்ரிக் பலிபீட ஓவியமாக்கியபோது, நிலக்காட்சி பீடமேறலாமா என்று ராம்டோர் என்னும் விமர்சகர் 1809இல் கண்டனம் எழுதினார். 1815இல் கதேயே பிரீட்ரிக்கின் படங்களை மேசை விளிம்பில் மோதி உடைக்க வேண்டும் எனச் சினந்ததாக அவர் நண்பர் போய்செரேயின் நாட்குறிப்பு சொல்கிறது.

பவனிச் சித்திரம் இன்றும் வைமரில்தான் இருக்கிறது.