எட்டயபுரத்துக்கு வந்த ஃபிடில்

எட்டயபுரம் என்றதும் நம்ம சீமைக்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒன்று 1799-ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கதையும் அதில் ஒட்டிக்கொண்ட எட்டப்பன் பெயரும். மற்றது 1882-ல் அங்கே பிறந்த பாரதி. தாமிரபரணித் தண்ணீர் பாயாத அந்தக் கரிசல் ஊருக்கு மூன்றாவதாக ஒரு பெருமையும் உண்டு. சரித்திரம் படித்தவன் என்ற உரிமையில் அதை இந்த மலரில் சொல்லி வைக்கிறேன்.

இப்போது நம் பிள்ளைகள் 'ஃப்யூஷன்' என்கிறார்களே, அயர்லாந்து, ஸ்காட்லாந்துக்காரர்களின் கெல்டிக் இசையை நம் இசையோடு கலப்பது, அது இருநூறு வருஷத்துக்கு முன்பே சென்னைப் பக்கம் நடந்து முடிந்த காரியம்! செய்தவர்கள் திருவாரூரில் பிறந்த மூன்று அண்ணன் தம்பிகள்: முத்துசாமி (1775), சின்னசாமி (1778), பாலுசாமி (1786). தகப்பனார் ராமசாமி தீட்சிதரும் பெரிய வித்வான்தான். மணலி முத்துகிருஷ்ண முதலியார் அழைத்ததால் குடும்பமே மணலிக்குக் குடிபெயர்ந்தது. முதலியார் கம்பெனிக்காரர்களிடம் துபாஷ். அந்த வீட்டுச் செல்வாக்கில் பையன்கள் ஜார்ஜ் கோட்டையில் பாண்டு வாசிப்பதைக் கேட்டார்கள். கம்பெனிப் பட்டாளத்தில் அயர்லாந்துக்காரனும் ஸ்காட்லாந்துக்காரனும் ஏராளம். தங்கள் ஊர் மெட்டை அவர்கள் கூடவே கொண்டுவந்திருந்தார்கள்.

அந்த மெட்டுகளுக்குத்தான் முத்துசாமி சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். 'நோட்' என்ற ஆங்கில வார்த்தையே திரிந்து 'நொட்டுஸ்வரம்' ஆயிற்று. மொத்தம் ஏறத்தாழ 40. 'வந்தே மீனாக்ஷி' அயர்லாந்து மெட்டு. 'ஜகதீச குருகுஹ' ஸ்காட்லாந்தின் 'லார்ட் மக்டொனால்ட்ஸ் ரீல்'. 'சந்ததம் பாஹிமாம்' என்று சியாமளா தேவியைப் பாடுவது வேறொன்றுமில்லை, வெள்ளைக்கார ராஜாவை வாழ்த்தும் 'காட் சேவ் தி கிங்'தான்! ராஜா போய் அம்பாள் வந்துவிட்டாள், பாருங்கள். எல்லாமே சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் கிடையாது. அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சுளுவாக இருக்கிறது.

முத்துசாமியின் புகழை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு ஆதங்கமெல்லாம் கடைசித் தம்பி பாலுசாமியைப் பற்றித்தான். அவர் மெட்டோடு நிற்கவில்லை, வெள்ளைக்காரரிடமே வயலின் கற்று அதில் நம் ராகங்களை வாசித்துக் காட்டினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? தஞ்சாவூர் வடிவேலுவுக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொடங்கி வைத்தவர்களில் முதல் பெயர் பாலுசாமியுடையது. சின்னசாமி மதுரையில் காலமான பிறகு அவர் எட்டயபுரம் வந்து சமஸ்தான வித்வான் ஆனார். தம்பியைத் தேடிப் புறப்பட்ட அண்ணன் தம்பியின் கல்யாண சமயத்தில் எட்டயபுரம் வந்து சேர்ந்தாராம். 1835 தீபாவளியன்று அண்ணனின் உயிர் பிரிந்ததும் அதே ஊரில்தான். நம்ம காந்திமதி அம்மனையும் அவர் பாடியிருக்கிறார்.

இதே காலத்தில் எதிர்த்திசையில் ஒருவர் போனார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். இவர் கிறிஸ்தவப் பாடல்களை நம் ராகங்களில் அமைத்துத் தஞ்சாவூரில் பேர் வாங்கினார். அவர் வெள்ளைக்கார மெட்டில் அம்பாளைப் பாட, இவர் நம் ராகத்தில் இயேசுவைப் பாட, யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

பாலுசாமிக்கு மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமர். அவரையே தாத்தா சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அந்தச் சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரம் அச்சுக்கூடத்திலேயே 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைத் தெலுங்கு எழுத்தில் அச்சேற்றினார். தீட்சிதர் கீர்த்தனைகளுக்கு இன்றுவரை அதுதான் மூலநூல். மறு வருஷம் வந்த இன்னொரு புத்தகத்தில் நொட்டுஸ்வரங்களும் இடம்பெற்றன. கரிசல் காட்டுச் சமஸ்தானம் ஒன்று ஆதரித்திராவிட்டால் இதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் வாழும் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன் என்ற இசையமைப்பாளர் இந்த நொட்டுஸ்வரங்களை 'விஸ்மயா' என்ற பெயரில் இசைத்தட்டாக்கியிருக்கிறார். முதலில் அந்த ஸ்காட்லாந்து ரீலைத் தனியாகக் கேளுங்கள், அப்புறம் 'ஜகதீச குருகுஹ'வைப் போடுங்கள்.