நீரடிமுத்து: ஓய்வுபெற்ற ஒரு மருந்தின் கதை

நெய்வேலியிலிருந்து சாலை வழியாகச் சென்னைக்குப் போனால் செங்கல்பட்டு வரும். அதை ஒட்டிய திருமணியில் 1920களில் லேடி வில்லிங்டன் பெயரில் ஒரு தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. இன்று அது மத்திய அரசின் தொழுநோய் ஆய்வு நிறுவனம். 'மூலிகையா, ஆன்டிபயாட்டிக்கா?' என்று வாட்ஸ்அப்பில் நடக்கிற சண்டைக்கு இந்த நோயின் வரலாற்றில் ஒரு நல்ல பதில் இருக்கிறது.

அன்று தொழுநோய்க்கு இருந்த முக்கிய மருந்து ஒரு விதை எண்ணெய். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நீரடிமுத்து மரத்துடையது; அதன் வடகிழக்குச் சொந்தக்காரனுக்குச் சால்முக்ரா என்று பெயர். நம் வைத்தியர்கள் தோல்நோய்க்குக் காலங்காலமாகக் கொடுத்ததை, 1854இல் கல்கத்தா டாக்டர் மௌவட் எழுதிய பிறகு ஆங்கில மருத்துவமும் எடுத்துக்கொண்டது. குடித்தால் குமட்டும். ஊசி போட்டால் உடம்பில் கலக்காமல் கட்டிக்கொள்ளும். உயிர் போகிற வலி. 1915 வாக்கில் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற 23 வயதுக் கறுப்பினப் பெண் அதை ஊசிக்கு ஏற்றபடி மாற்றினார். 1916 கடைசியில் இறந்துபோனார். அவர் உழைப்பைக் கல்லூரித் தலைவர் தன் பெயரில் வெளியிட்டார்.

எண்ணெயால் சிலருக்குப் புண் ஆறியது. பலருக்கு நோய் திரும்பியது. 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தன. திருமணியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் டாப்சோனைக் கொடுத்துப் பார்த்தார். மலிவு, வேலையும் செய்தது. எண்ணெய் அலமாரியை விட்டு இறங்கியது. அதில் தப்பே இல்லை.

ஆனால் வருஷக்கணக்கில் டாப்சோனை மட்டுமே கொடுத்ததில் கிருமி அதற்குப் பழகிவிட்டது. 1964இல் மலேசியாவில் இது நிரூபணமானது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒற்றை மருந்தை விட்டுவிட்டு, ரிஃபாம்பிசின் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது.

2000இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. நம்ம மரமஞ்சளில் இருக்கிற பெர்பெரின் கிருமிகளைத் தாக்கும். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியோ அதைப் பம்ப் வைத்து வெளியே இறைத்துவிடும். பெர்பெரின் உள்ள ஒரு செடி, அந்தப் பம்பை அடைக்கிற இன்னொரு பொருளையும் தயாரிப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தப் பொருளால் தனியாகக் கிருமியை ஒன்றும் பண்ண முடியாது. அதே பொருள் சால்முக்ரா எண்ணெயில் கொஞ்சமாக இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இதை வைத்து எண்ணெய் தொழுநோயைக் குணமாக்கும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். நாம் 1981இல் பட்டுத் தெரிந்துகொண்ட கூட்டு வைத்தியத்தைச் செடிகள் எப்போதோ செய்துகொண்டிருக்கின்றன. ஆன்டிபயாட்டிக்குகள் ஒவ்வொன்றாகத் தோற்கிற இந்தக் காலத்தில், அவற்றுக்குப் பதிலாக எந்தச் செடி என்று தேடுவதைவிட, அவற்றுக்குத் துணையாக எந்தச் செடி என்று தேடினால் பலன் அதிகம்.