உடற்கவசம்: வில்ஹெல்ம் ரைக்கும் ஓஸ்லோ மருத்துவ மரபும்

ஆய்வுச்சுருக்கம்

உடல்வழி உளச்சிகிச்சையின் முன்னோடியாகிய வில்ஹெல்ம் ரைக் (1897–1957), பிற்காலத்தில் முன்வைத்த ஆர்கோன் கோட்பாட்டால் அறிவியல் உலகின் நம்பிக்கையை இழந்தார். அவருடைய தொடக்ககால மருத்துவ அவதானிப்பு அக்கோட்பாட்டைச் சாராமலே ஓஸ்லோவில் நிலைபெற்றதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உளப்பகுப்பாய்வு, குணநலக் கவசம், தசையிறுக்கம், மூச்சு

முன்னுரை

மனத்துயர் உடல்நோயாக வெளிப்படும் என்னும் கருத்து, புரோயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலில் விரிவாகப் பேசப்பட்டது. தொடக்கத்தில் நோயாளியின் நெற்றியைக் கையால் அழுத்தி நினைவுகளை வரவழைக்க முயன்ற பிராய்டு, பின்னர் தொடுதலைக் கைவிட்டார். நோயாளியின் பார்வையில் படாமல் அமர்ந்து அவர் சொற்களைக் கேட்பதே உளப்பகுப்பாய்வின் முறையாயிற்று. நோயின் களமாக உடல் ஏற்கப்பட்டபோதிலும், சிகிச்சையின் களத்திலிருந்து அது விலக்கப்பட்டது.

ரைக்கின் அவதானிப்பு

வியன்னாவில் பிராய்டின் இளம் மாணவராக இருந்த ரைக், நோயாளி என்ன சொல்கிறார் என்பதோடு எவ்வாறு சொல்கிறார் என்பதையும் கவனித்தார். மிகையான பணிவு, மாறாப் புன்னகை, விறைத்த நிற்கைநிலை ஆகியவை சிகிச்சையை எதிர்க்கும் அரண்களாக அவருக்குத் தோன்றின. இவ்வரணைக் 'குணநலக் கவசம்' என்றார். 1933இல் கோபன்ஹேகனில் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவரின் எதிர்ப்பு விறைத்த கழுத்தாக வெளிப்பட்டது. அவ்வெதிர்ப்புத் தளர்ந்தபோது முகநிறமும் நாடித்துடிப்பும் திடீரென மாறின. அடக்கப்பட்ட உணர்ச்சியைத் தசையிறுக்கமும் தடைப்பட்ட மூச்சும் தாங்கி நிற்கின்றன என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

1934இல் லூசர்ன் மாநாட்டோடு அவர் பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். இதில் கோட்பாட்டு வேறுபாட்டோடு அவருடைய பொதுவுடைமை அரசியலுக்கும் பங்குண்டு. அதன்பின் ஓஸ்லோவில் 1939வரை பணியாற்றினார்.

அமெரிக்காவும் ஓஸ்லோவும்

அமெரிக்காவில் குடியேறிய ரைக், ஆர்கோன் என்னும் அண்ட ஆற்றலைச் சேமிப்பதாகக் கூறிப் பெட்டிகளை உருவாக்கினார். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் முறையீட்டின்பேரில் 1954இல் நீதிமன்றம் அவற்றுக்குத் தடை விதித்தது. தடையை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட அவர் 1957இல் சிறையிலேயே இறந்தார். 1956இல் அவருடைய வெளியீடுகள் எரிக்கப்பட்டன.

ஓஸ்லோவில் நிகழ்ந்தது வேறு. உளமருத்துவர் டிரிக்வே பிராட்டேயும் இயன்முறை மருத்துவர் ஆடெல் பியூலோ-ஹான்சனும் 1940களின் பிற்பகுதியில் இணைந்து, உளஇயக்க இயன்முறை மருத்துவத்தை உருவாக்கினர். தசைகளைக் கையால் தளர்த்தும்போது மூச்சு எவ்வாறு மாறுகிறது என்பதே அவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. மூச்சு அடங்கினால் சிகிச்சையாளர் தம் வேகத்தைக் குறைத்தார். கவசத்தை உடைப்பதைவிட நோயாளி தாங்கும் அளவறிந்து தளர்த்துவதே இம்முறையின் இயல்பு. அண்ட ஆற்றல் எதனையும் கருதிக்கொள்ளும் தேவை இதற்கு எழவில்லை. பியூலோ-ஹான்சனிடம் பயின்ற கெர்டா பாய்சன் பின்னர் லண்டனில் தமக்கெனத் தனிமுறை ஒன்றை வளர்த்தார்.

முடிவுரை

ரைக்கை மேதையெனப் போற்றுவோரும் போலியெனத் தள்ளுவோரும் அவருடைய வாழ்வை ஒரே தொடராகக் கொள்கின்றனர். ஓஸ்லோ மரபு அத்தொடரைப் பிரித்துக் காண இடமளிக்கிறது. ஒரு முறை நிலைத்திருப்பது அதன் பயனுக்குச் சான்றாகாது. அப்பயனைத் தனியே சோதித்தறிதல் வேண்டும். எனினும், கண்டறிந்தவரின் பிற்காலப் பிழையைக் கொண்டு முற்கால அவதானிப்பை மதிப்பிடுதல் வரலாற்றுமுறை ஆகாது என்பது இதனால் தெளிவாகிறது.