மலையகத் தேயிலை ஸ்டோர்களும் பிட்டர்மாரும்

இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் 1867இல்தான் தொடங்குகிறார்கள். லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது, 1869இல் காப்பியில் இலைநோய் விழுந்தது, துரைமார் ஒவ்வொருவராகத் தேயிலைக்கு மாறியது என்று அந்தக் கதை போகும். பிறகு கொழுந்து பறித்தவர்களின் கதை வரும். அது வரவேண்டிய கதை, இன்னும் முழுதாக வந்தபாடில்லை. ஆனால் பறித்த கொழுந்து தூளாகிற ஸ்டோருக்குள் என்ன சுற்றியது, அதைச் சுற்ற வைத்தவர்கள் யார் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. டிக்கோயாப் பக்கத்து ஸ்டோர்களில் பிட்டர் வேலை பார்த்தே என் உத்தியோக காலம் கழிந்தது. என் அப்பா என்ஜின் ரூமில் எண்ணெய் விடுகிறவர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

டெய்லர் ஆரம்பத்தில் தன் பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கையாலேயே கொழுந்தை உருட்ட வைத்தார். 1872இல் அவரிடம் ஒரு ரோலர் இருந்தது. அடுத்த இருபது வருடத்தில் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த ரோலர்கள் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் மார்ஷல் கம்பனியில் வார்க்கப்பட்டு வந்தன. சாமுவேல் டேவிட்சனின் சிரோக்கோ டிரையர்கள் பெல்பாஸ்டிலிருந்து வந்தன. ரயில் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பிறகுதான் அவ்வளவு கனமான இரும்பை மலைக்கு ஏற்றுவது சுலபமானது. மிச்சத்தைக் கொழும்பிலும் கண்டியிலும் இருந்த பொறியியல் கம்பனிகள் செய்து கொடுத்தன. 1854இல் கண்டியில் தொடங்கிய வாக்கர்ஸ் அவற்றில் முக்கியமானது.

வந்து இறங்கிய மெசின் எதற்கும் சொந்தமாக மோட்டர் கிடையாது. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் ஒரு சக்கரத்தையோ பெல்டன் டர்பைனையோ சுற்றும், இல்லாவிட்டால் எண்ணெய் என்ஜின் ஒன்று ஓடும். அந்தச் சுற்று ஸ்டோரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கூரையடியில் தொங்கும் ஒரே நீண்ட ஷாப்டுக்குப் போகும். லைன் ஷாப்ட் என்போம். ஒவ்வொரு மெசினுக்கு மேலேயும் ஷாப்டில் ஒரு புல்லி, புல்லியிலிருந்து கீழே இறங்கும் தோல் பெல்ட். ரோலர், ரோல் பிரேக்கர், டிரையர் காற்றாடி, சல்லடை எல்லாமே அந்த ஒரு ஷாப்டில் தொங்கிக்கொண்டுதான் ஓடின. ஷாப்ட் நின்றால் ஸ்டோர் நின்றது.

ஷாப்டைத் தாங்கியவை வைட் மெட்டல் பெயாரிங்குகள். இரும்பு வார்ப்பில் மேல்பாதி, கீழ்பாதி என்று ஒரு கூடு, உள்ளே வெள்ளை உலோகப் பூச்சு, நடுவில் எண்ணெய்ப் படலம், அவ்வளவுதான். வெள்ளீயமும் அந்திமனியும் செம்பும் கலந்த அந்த உலோகத்துக்கு 1839இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் ஐசக் பாபிட். அதன் அருமை அதன் மென்மையில் இருக்கிறது. எண்ணெய் வற்றிப் போனால் அது ஷாப்டைக் கடிக்காது, தான் உருகிப் போகும். ஷாப்ட் தப்பிவிடும், மெட்டலை மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

ஊற்றுவது லேசான வேலை இல்லை. பழைய மெட்டலை புளோ லாம்பால் உருக்கி எடுத்து, கூட்டைச் சுரண்டிச் சுத்தமாக்கி, வெள்ளீயம் பூசுவோம். ஷாப்டில் மண்ணெண்ணெய் விளக்குப் புகையைப் பிடித்துக் கரியேற்றுவோம், அப்போதுதான் மெட்டல் அதில் ஒட்டாது. இரண்டு பக்கமும் களிமண்ணால் அடைத்துவிட்டு, கூட்டையும் ஷாப்டையும் சுடவைப்போம். மலைநாட்டில் இதுதான் கண்டம். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வருகிற ஊரில் களிமண் எப்போது காயும்? ஈரம் ஒரு துளி இருந்தாலும் போதும், மெட்டல் பட்ட கணமே அது ஆவியாகி வெடித்து முகத்தில் அடிக்கும். எனக்கு வேலை பழக்கிய பிட்டர் மாமாவின் இடது புருவத்தில் பாதி முளைக்கவே இல்லை. "அவசரப்படாதடா தம்பி, மண்ணு காயட்டும். தொர கத்துவாரு, கத்தட்டும்" என்பார். உருகிய மெட்டலில் ஒரு மரக்குச்சியை முக்கி எடுப்பார். குச்சி பழுப்பாகக் கருகினால் பதம். தீப்பிடித்தால் சூடு மிஞ்சிவிட்டது, நிறம் மாறாவிட்டால் காணாது. பிறகு கை நடுங்காமல், இடையில் நிறுத்தாமல், ஒரே ஊற்று. ஆறியதும் ஷாப்டில் நீலச்சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, சாயம் பட்ட மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் சீவுவார். மறுபடி சாயம், மறுபடி சீவல். ஒரு பெயாரிங்குக்கு ஒரு ராத்திரி போகும். விடியற்காலை பெரட்டுக்குத் தப்பு அடிக்கும்போது ஷாப்ட் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பெயாரிங்குகளின் குறை எண்ணெய்தான். எண்ணெய் விடும் ஆள் ஏணியோடு நாள் முழுதும் ஷாப்டடியில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற வேண்டும். என் அப்பா சட்டைக் கையை எப்போதும் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டியிருப்பார், தொங்கும் துணி பெல்டில் மாட்டினால் ஆளை விடாது. சுற்றும் ஷாப்டுக்கும் பெல்டுக்கும் காப்பு போட வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொன்னது. ஏணியில் ஏறும் எண்ணெய்க்காரருக்கு எந்தக் காப்பும் இருந்ததாக என் நினைவில் இல்லை. இன்னொரு பக்கம், வழிந்த எண்ணெய் கீழே சொட்டும். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் பண்டம். உருட்டிய கொழுந்தில் எண்ணெய் விழுந்தால் 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்குப் போகுமுன்பே ருசி பார்க்கிறவரின் நாக்கு அதைப் பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு பெயாரிங்கின் அடியிலும் ஒரு தகரத்தட்டு தொங்கும். அந்தத் தட்டுகளைக் காலி செய்வதுதான் ஸ்டோரில் என் முதல் வேலை.

இதற்கு மாற்று வந்தது சுவீடனிலிருந்து. கோதன்பர்க் நகரத்து நெசவாலை ஒன்றில் ஸ்வென் விங்குவிஸ்ட் என்ற இளம் பொறியியலாளர் வேலை செய்தார். அந்த ஆலை நின்றது களிமண் நிலத்தில். நிலம் இறங்க இறங்க லைன் ஷாப்ட் நேர்கோட்டை விட்டு விலகும், பெயாரிங் சூடேறும். நிலத்தைத் திருத்த முடியாது என்று தெரிந்த அவர், ஷாப்ட் கொஞ்சம் சாய்ந்தாலும் தானும் சேர்ந்து சாய்ந்து கொடுக்கிற பெயாரிங் ஒன்றைச் செய்தார். இரண்டு வரிசைக் குண்டுகள், வெளி வளையத்தின் உட்புறம் கோளத்தின் வளைவு. கழுத்து அசைவதுபோல உள்வளையம் எந்தப் பக்கமும் அசைந்து கொடுக்கும். 1907இல் அதைச் செய்து விற்க எஸ்.கே.எப். கம்பனி பிறந்தது.

அந்த நெசவாலையின் நோய்தான் நம் ஸ்டோர்களின் நோயும். மலைச்சரிவில் பாதி வெட்டிய மண்ணிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கிற நாலு மாடிக் கட்டடங்கள் அவை. தென்மேற்குப் பருவமழையில் மரத்தளம் ஊதும், தை மாசியில் சுருங்கும். நிரப்பிய பக்கம் வருடத்துக்கு வருடம் இறங்கும். வைட் மெட்டல் இந்தச் சாய்வைத் தாங்காது, ஒரு ஓரம் மட்டும் தேயும். குண்டு பெயாரிங் தாங்கும்.

என் கணக்கில் பெரிய லாபம் வேறொன்று. ஹட்டன், டிக்கோயா, திம்புளைப் பக்கத்தில் வாசமான தேயிலை கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை, மழை குறைந்து வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில். நல்ல விலை கிடைப்பதும் அப்போதுதான். தண்ணீரில் ஓடும் ஸ்டோருக்கு வாய்க்கால் வற்றுவதும் அப்போதுதான். டர்பைன் தரும் கொஞ்சச் சக்தியில் ஒரு பங்கை ஷாப்டின் உராய்வே தின்றுவிட்டால் ரோலருக்கு என்ன மிஞ்சும்? பெயாரிங் மாற்றிய ஸ்டோரில் வறட்சி மாதத்திலும் இன்னொரு ரோலரைச் சேர்த்து ஓட்ட முடிந்தது. இதை நான் கண்ணால் கண்டேன்.

மாற்றுவது புத்தகத்தில் எழுதியிருப்பது போல அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. வைட் மெட்டல் கூடு இரண்டு பாதி, இருந்த இடத்திலேயே கழற்றிப் பூட்டலாம். குண்டு பெயாரிங் முழு வளையம், ஷாப்டின் முனையிலிருந்துதான் நுழைக்க வேண்டும். வழியிலிருக்கும் புல்லிகளை எல்லாம் கழற்ற வேண்டும். பழைய ஷாப்ட் அங்குலக் கணக்கு, பெயாரிங் மில்லிமீற்றர் கணக்கு. இந்த வம்பைத் தீர்த்தது சரிவாகக் கடைந்த, ஒரு பக்கம் பிளந்த ஸ்லீவ் ஒன்று. அங்குல ஷாப்டுக்கு என்றே செய்து வந்தது. ஷாப்டில் ஸ்லீவைப் போட்டு, அதன்மேல் பெயாரிங்கை ஏற்றி, நட்டை முறுக்கினால் ஸ்லீவ் இறுகி ஷாப்டைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு முறுக்குவது என்பது கைக்குத்தான் தெரியும். அதிகம் முறுக்கினால் குண்டு இறுகிச் சூடேறும், குறைந்தால் ஸ்லீவ் வழுக்கி ஷாப்டைத் தின்னும்.

கொழுந்து லிப்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேல்மாடிகளில்தான் கொழுந்தை வாடப் போடுவார்கள். மடுவத்தில் நிறுத்து வந்த சாக்குகளைப் படியேறிச் சுமந்தவர்கள் நம் ஆட்கள். சில ஸ்டோர்களில் அதற்கு லிப்ட் இருந்தது. நான் வேலை பழகிய ஸ்டோரில் அது லைன் ஷாப்டிலிருந்தே ஓடியது. ஒரு பெல்ட் நேராக, ஒன்று குறுக்காக. நேர் பெல்டைப் புல்லிக்குத் தள்ளினால் ஏறும், குறுக்குப் பெல்டைத் தள்ளினால் இறங்கும். லிப்டின் பழைய சரித்திரமே இதுதான். 1857இல் நியூயோர்க்கின் பிராட்வே கடை ஒன்றில் எலிஷா ஓட்டிஸ் போட்ட ஆளேறும் லிப்டும் நீராவி என்ஜினின் ஷாப்டில் பெல்ட் மாட்டி ஓடியதுதான்.

அந்த லிப்டின் வார்ம் கியருக்கும் புதுப் பெயாரிங் போட ஏற்பாடானது. வார்மின் தள்ளுவிசையைத் தாங்கிய வெண்கல வாஷர் தேய்ந்து, லிப்ட் மாடிக்கு மாடி உதறிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுக் குண்டு வைத்த திரஸ்ட் பெயாரிங் போட்டோம். சுற்றிப் பார்த்தால் விரலால் தள்ளினாலே ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம், பிட்டர் மாமாவுக்கு மட்டும் இல்லை. "இத்தன நாளா சொமைய புடிச்சுக்கிட்டு இருந்தது பிரேக் மட்டும் இல்லடா, அந்த ஒரசலும்தான். ஒரசல எடுத்துட்டோம். இப்ப யாரு புடிப்பா?" என்றார். டீமேக்கர் ஐயா அவசரப்படுத்தியும் கேட்கவில்லை. பிரேக் ட்ரம்மைக் கழற்றிக் கடைந்து, புது லைனிங் போட்டு, கொழுந்துக்குப் பதில் மணல் சாக்குகளை ஏற்றி, ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தினார். இரண்டாவது மாடியில் லிப்ட் நிற்காமல் மெதுவாக நழுவியது. ஸ்பிரிங்கை இறுக்கி மறுபடி ஏற்றினார். அது அசையாமல் நின்ற பிறகுதான் பெண்கள் கொழுந்துச் சாக்கோடு கிட்டே வர விட்டார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர். உராய்வைக் குறைத்தால் பிரேக்கைக் கூட்ட வேண்டும் என்ற பொறியியலை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1970களில் அந்நியச் செலாவணி இறுக்கத்தில் பெயாரிங் இறக்குமதி அருகிப்போனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. இரண்டு துரைமார் மாறியும் ஒரு பெயாரிங் வந்து சேராத காலம் அது. நொறுங்கிய பெயாரிங்கின் இடத்தில் பழைய கூட்டை எடுத்து மாட்டி, மறுபடி வைட் மெட்டல் ஊற்றினோம். கைவசம் தொழில் இருந்ததால் ஸ்டோர்கள் நிற்கவில்லை.

அந்தத் தொழில் தெரிந்தவர்களையே அப்போது நாடு கப்பலேற்றிக்கொண்டிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதியிருந்தார்கள். அதில் பிட்டர்மாரும் இருந்தார்கள், என்ஜின் டிரைவர்மாரும் இருந்தார்கள். பிட்டர் மாமாவும் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போய், நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிட்டராக இல்லை, தோட்டக்காட்டு வேலைக்கு. கையில் சான்றிதழ் இல்லையே! அந்த ஸ்கிரேப்பரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு நாட்டின் ஆலைகளைச் சுற்றவைத்த கைகளை இரண்டு நாடும் கணக்கில் எடுக்கவில்லை. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

பிறகு மெசினுக்கு மெசின் தனி மோட்டர் வந்தது. லைன் ஷாப்ட் வேண்டாததாகிவிட்டது. 1992இல் தோட்டங்கள் தனியார் நிர்வாகத்துக்குப் போன பின் பல ஸ்டோர்கள் மூடப்பட்டன, ஷாப்டுகள் இரும்புக் கடைக்குப் போயின. கந்தப்பொளை ஹெதர்செட் ஸ்டோர் 1996இல் ஹோட்டலானது, அதன் பழைய என்ஜினைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் 2001இல் தேயிலை அருங்காட்சியகமானது. அங்கே மெசின்களைப் பார்க்கலாம், டெய்லரைப் பற்றிப் படிக்கலாம். மெட்டல் ஊற்றியவர்களைப் பற்றி அங்கே ஒரு பலகையும் நான் காணவில்லை.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்து லயங்களில் இன்னும் சில பழைய பிட்டர்மார் இருக்கிறார்கள், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். படித்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அவர்களிடம் போய் உட்கார்ந்து, செய்த வேலையைச் சொல்லச் சொல்லி உங்கள் போனில் பதிவு செய்யுங்கள், பெயரையும் தோட்டத்தையும் எழுதிவையுங்கள். மூடிய ஸ்டோர்களை வைத்திருக்கும் கம்பனிகளும் ஒரே ஒரு ஷாப்டை, அதன் பெயாரிங்குகளோடும் எண்ணெய்த் தட்டுகளோடும், தொங்கிய இடத்திலேயே விட்டுவைக்கட்டும்.