ஆடாதோடை: வேலியோரத்து இருமல் மருந்தும் அதன் எல்லையும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் முப்பது வருடங்களுக்கு முன்னால் மனை வாங்கிக் குடிவந்தவர்களுக்கு ஆடாதோடையைத் தெரியாமல் இருக்காது. அன்று மனைகளுக்கு நடுவில் வேலி இருந்தது. இன்று வேலி இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. ஆனாலும் செடி முற்றாகப் போய்விடவில்லை. பழைய தோட்டங்களின் ஓரத்திலும், மையவாடிச் சுவரை ஒட்டியும், யாரும் கட்டாமல் போட்டு வைத்திருக்கும் மனைகளிலும் இன்னும் பார்க்கலாம். மழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில் ஃபஜ்ர் தொழுகை ஸஃப்பில் இருமல் சத்தம் கேட்க ஆரம்பித்ததும், யாராவது ஒரு பெரியவர் "ஆடாதோடை இலையைக் காய்ச்சிக் குடிங்க தம்பி" என்பார். அவர் சொல்வது தவறல்ல. யாருக்கு, எத்தனை நாளைக்கு என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. நாம் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

ஆடு தொடாத இலை என்பதே ஆடாதோடை ஆயிற்று என்பார்கள். இலையின் கசப்புக்கும் வாடைக்கும் ஆடு மாடு வாய் வைக்காது. அதனால்தான் வேலிக்கு இதை நட்டார்கள். தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753-ல் இதற்குப் பெயரிட்டபோது, நம் பக்கத்து வழக்குப் பெயரையே எடுத்து 'ஜஸ்டிசியா அதடோடா' என்று பதிந்துவிட்டார். உர்தூ பேசும் நம் சகோதரர்கள் வீட்டிலும் யூனானி மருந்துக் கடையிலும் 'அடூசா' என்று கேட்டால் இதுதான் கிடைக்கும்.

பறிக்கும் முன் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே வளரும் புதர். மாவிலையைப் போல நீண்ட இலைகள், கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். பூ வெள்ளை, உள்ளே ஊதா நிறக் கோடுகள். இலையைக் கிள்ளினால் பால் வராது. பால் வந்தால் அது வேறு செடி. அரளி போன்ற விஷச் செடியாகவும் இருக்கலாம், தொட வேண்டாம். சாக்கடை கலக்கும் ஏரிக்கரையிலும் லாரி போகும் சாலை ஓரத்திலும் நிற்பதைப் பறிக்காமல் இருப்பது நல்லது.

இலைக்கு மருத்துவ குணம் உண்டா, அல்லது வெறும் நம்பிக்கையா? படித்த பிள்ளைகள் இதைக் கேட்கத்தான் செய்கிறார்கள், கேட்கவும் வேண்டும். உதகமண்டலத்தில் கொயினா ஆய்வுக்காக அரசுப் பணியில் இருந்த டேவிட் ஹூப்பர் என்பவர் 1888-ல் இந்த இலையிலிருந்து 'வாசிசின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் அதன் அமைப்பை அடியொற்றி உருவாக்கப்பட்ட மருந்துதான் 1963-ல் விற்பனைக்கு வந்த புரோம்ஹெக்சின். அந்தப் புரோம்ஹெக்சின் நம் உடலுக்குள் மாறி உண்டாகும் பொருள் அம்ப்ராக்ஸால். இன்று அதுவே தனி மருந்தாகவும் விற்கிறது. வீட்டில் இருக்கும் சளி சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், இந்த இரண்டு பெயர்களில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். கெட்டிச் சளியை இளக்கி வெளியே கொண்டுவருவது இவற்றின் வேலை. பாட்டன்மார் இலையிடம் எதிர்பார்த்ததும் அதுதான். கொரோனா காலத்தில் நாம் குடித்த கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளிலும் ஆடாதோடை ஒன்று.

வீட்டில் செய்யும் முறை எளிது. நான்கைந்து இலைகளைக் கழுவி, நடு நரம்பை நீக்கி, பொடியாக அரிந்து இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, அரை டம்ளராக வற்றும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். இரண்டு மிளகோ ஒரு துண்டு சித்தரத்தையோ தட்டிப் போடுவார்கள். கசப்பு தாங்காது என்பதால் தேன். பச்சை இலையை அப்படியே இடித்தால் சாறு அதிகம் வராது. வாழை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்துப் பிழிந்தால் வரும் என்பது வைத்தியர்கள் கைக்கொண்ட வழி. சாதாரண சளி இருமலுக்கு இரண்டு மூன்று நாள் போதும். சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் ஆடாதோடை மணப்பாகு சர்க்கரைப் பாகில் செய்வது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தேன் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தேனைத் தொட்டு சேனை வைப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறது. ஹதீஸ்களில் தஹ்னீக்குக்கு வருவது பேரீச்சம்பழம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து, பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கிவிடலாம். தேன் கலந்த கஷாயமும் அப்படியே.

அடுத்தது கர்ப்பிணிகள். இருமலுக்கு உதவும் அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலும் உண்டு. 1970-களில் ஜம்முவிலிருந்த மண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே கர்ப்பிணிகள் ஆடாதோடையைக் கஷாயமாகவோ மணப்பாகாகவோ வேறு எந்த வடிவிலுமோ எடுக்கக் கூடாது. "இலைதானே, என்ன செய்யும்" என்ற பேச்சு மாமியார் வாயிலிருந்து வந்தாலும் மருமகள் மறுக்கலாம்; அது மரியாதைக் குறைவாகாது.

இனி நம்மை இதை எழுதத் தூண்டிய விஷயம். எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் ஒருவருடைய மகள். கல்லூரி முடித்துச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். இருமல் வந்தது, மாலையில் லேசான காய்ச்சல், உடம்பு இளைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனால் செய்தி வெளியே தெரியும், மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று பயந்து வீட்டிலேயே மூன்று மாதம் ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தார்கள். கஷாயம் சளியை இளக்கியது, இரவில் தூக்கம் வந்தது, ஆகவே குணமாகிறது என்று நினைத்தார்கள். எச்சிலில் இரத்தம் கண்டபிறகுதான் நம்மிடம் வந்து துஆ கேட்டார்கள். துஆவும் செய்தோம், அன்றே அரசு மருத்துவமனைக்கும் அனுப்பினோம். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. அதற்குள் அவளுடைய தம்பிக்கும் தொற்றியிருந்தது.

இலை இங்கே ஏமாற்றவில்லை. தன்னால் முடிந்ததைச் செய்தது, ஆனால் காசநோய்க் கிருமியை ஒழிப்பது அதன் வேலை அல்ல. இருமலில் இரத்தம் கண்டால் ஆடாதோடை என்று பழைய வைத்திய முறைகள் சொல்வது உண்மைதான். அந்நாளில் சளியைப் பரிசோதிக்கும் கருவியும் கிருமியைக் கொல்லும் மருந்தும் இல்லை. இன்று இருக்கின்றன, அதுவும் இலவசமாக. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, சளியில் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் சளிப் பரிசோதனைக்கு வழி செய்வார்கள். சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மாத்திரை. சத்துணவுக்காக அரசு வங்கிக் கணக்கில் போடும் தொகை 2024 நவம்பர் முதல் மாதத்துக்கு 1000 ரூபாய் என்ற கணக்கில் உயர்த்தப்பட்டது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பிறருக்குப் பரவும் தன்மையும் வெகுவாகக் குறைந்துவிடும். அந்தப் பெண்ணும் தம்பியும் மாத்திரையை முடித்தார்கள். நிகாஹ் ஒரு வருடம் தள்ளி நடந்தது, அவ்வளவுதான்.

சித்த, யூனானி மருத்துவர்களே இதை ஏற்றுக்கொண்டுதான் நடக்கிறார்கள். தாம்பரம் சானட்டோரியத்தில் 1928-ல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனையும், 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அக்கம் பக்கமாகவே இருக்கின்றன. நமக்கு இன்னும் அருகில் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகம் இருக்கிறது. சித்தா, யூனானி இரண்டும் அங்கே உண்டு. நாள்பட்ட ஆஸ்துமாவுக்கு ஆடாதோடை எடுக்க விரும்புகிறவர்கள் அங்கே கேட்டு எடுக்கட்டும். மருத்துவர் சொல்லாமல் இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். காய்ந்த இலையைச் சுருட்டிப் புகைத்தால் மூச்சிரைப்பு அடங்கும் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. புகை நுரையீரலுக்குச் செய்யும் கேடு தெரிந்த பிறகும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல.

செடி வேண்டுமென்றால் விதை தேடி அலைய வேண்டாம். முற்றிய கிளையில் ஒரு முழக் குச்சியை வெட்டி, மழை தொடங்கும் காலத்தில் ஈர மண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு செடி தாராளம். பள்ளிவாசல் கொல்லையில் நாம் ஊன்றிய இரண்டில் ஒன்று பட்டுப்போனது. மற்றது சுவர் உயரத்துக்கு வந்திருக்கிறது. குச்சி வேண்டுவோர் அஸருக்குப் பிறகு வந்து கேட்டால் வெட்டித் தருகிறோம்.